குப்பாயியின் இன்னொரு பெயர்

காக்கையும் கோழியும் மனிதர்களோடு சரிக்குச் சரி நின்று வாயாடிய அந்தக் காலத்தில், சிலம்பாயி என்று ஒருத்தி இருந்தாள். அவளுக்கு ஒழுங்காகச் சமைக்கத் தெரியாது. களை எடுக்கப் போனால் பயிரையும் சேர்த்துப் பிடுங்கிவிட்டு வருவாள். ஆனால் பெயர் வைப்பதில் அவளை அடித்துக்கொள்ள அந்தச் சீமையிலேயே ஆள் கிடையாது.

பெயர் வைப்பது என்றால் இப்போது மாதிரி, பிறந்த நேரத்துக்கு எழுத்துப் பார்த்து, அந்த எழுத்தில் பெற்றவளுக்கே வாயில் நுழையாத ஒன்றைத் தேடிப் பிடிப்பதல்ல. பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு முகத்தைப் பார்க்க வேண்டும். பார்த்துக்கொண்டே இருந்தால் பெயர் தானாக நாக்குக்கு வரும். மற்றவர்களுக்கு வராது, சிலம்பாயிக்கு வரும். அதனால் எந்த வீட்டில் பிள்ளை பிறந்தாலும் தீட்டுக் கழிந்த கையோடு அவளிடம்தான் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பிள்ளை மட்டுமா? மாடு கன்று போட்டாலும் வந்தார்கள், கிணறு வெட்டினாலும் வந்தார்கள். முட்டுகிற காளை ஒன்றுக்கு அவள் 'பொறுமை' என்று பெயர் வைத்தாள். அது அன்றைக்கே கொம்பைத் தாழ்த்தியது. ஊறாத கிணறு ஒன்றுக்கு 'வரவு' என்று வைத்தாள். விடிவதற்குள் தண்ணீர் எட்டிப் பார்த்தது.

அவள் புருஷன் நல்லான் சாப்பிட்ட இடத்திலேயே சாய்ந்துகொண்டு, "எனக்கும் ஒரு சுறுசுறுப்பான பேரா வையேன் சிலம்பாயி, வேலை செய்யத் தோணுதான்னு பாப்போம்" என்பான்.

"பேருதான் வைக்க முடியும். முதுகெலும்பு வைக்க முடியாது" என்பாள் அவள்.

அவள் வீட்டுக் கூரையில் ஒரு காக்கை இருந்தது. அதற்கும் அவள்தான் கருமணி என்று பெயர் வைத்திருந்தாள். வீட்டில் பொங்குகிற சோற்றில் முதல் கவளம் அதற்குத்தான். வாசலில் ஒரு கோழியும் இருந்தது. அந்த வீட்டிலேயே பெயர் வேண்டாம் என்று சொன்ன ஒரே ஜீவன் அது.

"எனக்கு எதுக்கு தாயி பேரு?" என்றது கோழி. "பேரு இருந்தா கூப்பிடுவீங்க. கூப்பிட்டா வரணும். வந்த பிறகு என்ன நடக்கும்னு எவனுக்குத் தெரியும்?"

காக்கை நல்லதுதான், நன்றியுள்ளதுதான். ஆனால் கேட்டதை வயிற்றில் வைத்துக்கொள்ளாது. அந்தி சாய்ந்ததும் அது தெற்கு எல்லைக்குப் பறந்து போகும். அங்கே பனைமரத்தடியில் எருமையைக் கட்டிவிட்டு எமன் உட்கார்ந்திருப்பான். அவனுக்கும் பொழுது போக வேண்டாமா? "இன்னைக்கு ஊர்ல என்ன விசேஷம்?" என்று கேட்பான். காக்கை ஒன்று விடாமல் சொல்லும்.

கிழவர்களைக் கூட்டிப் போக எமனுக்கு யார் தயவும் தேவையில்லை. பழுத்த இலை தானாக விழும். பிஞ்சுகளை எடுக்கத்தான் பெயர் வேண்டும். பெயர் தெரிந்தால் கூப்பிடலாம். அதுவும் எல்லாப் பெயருக்கும் அவன் எழுந்து வருவதில்லை. தன்னை ஒருவரும் ஒருநாளும் ஆசையாகக் கூப்பிட்டதில்லையே என்கிற குறை அவனுக்கு. அதனால் ஆசை வைத்து வைத்த பெயராக இருந்தால் நாக்கில் எச்சில் ஊறிவிடும். சிலம்பாயி ஊர்ப் பிள்ளைகளுக்கு நல்ல பெயர் வைத்தாள். தன் பிள்ளைகளுக்கு ஆசைப் பெயர் வைத்தாள்.

மூத்தவனுக்குப் பொன்னரும்பு என்று வைத்தாள். தொட்டிலில் போட்ட அன்று தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி அந்தப் பெயரைக் கூவினாள். காக்கைக்குப் பெருமை தாங்கவில்லை. "எங்க சிலம்பாயி இன்னைக்கு வச்ச பேரைக் கேட்டா நீயே சொக்கிப் போயிடுவே" என்று எமனிடம் சொன்னது. எமன் சொக்கித்தான் போனான். பிள்ளை குப்புற விழுவதற்குள் போய்ச் சேர்ந்தது.

வேறு ஒருத்தியாக இருந்தால் வயிற்றில் அடித்துக்கொண்டு சாமியைத் திட்டியிருப்பாள். சிலம்பாயி பெயர் வைக்கிறவள் அல்லவா? அவள் பெயரைத்தான் திட்டினாள். 'அரும்பு என்று வைத்தேன். அரும்பு உதிரத்தானே செய்யும். என் புத்தியைச் செருப்பால் அடிக்க' என்று நினைத்துக்கொண்டாள். அடுத்துப் பிறந்த பெண்ணுக்கு உதிராத ஒன்றாகத் தேடி முத்துநகை என்று வைத்தாள். இன்னும் உரக்கக் கூவினாள். அதுவும் போயிற்று. மூன்றாவது பிள்ளையின் முகத்தை இராப்பகலாகப் பார்த்து, எமனே எதிரில் வந்தாலும் கும்பிட்டுத் திரும்பிப் போகட்டும் என்று நூறாண்டான் என்று வைத்தாள். நூறாண்டானுக்குத் தலைகூட நிற்கவில்லை.

அதோடு ஊர்ப் பெண்கள் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். பக்கத்து வீட்டுப் பொன்னாக்காள், சிலம்பாயி காதில் விழ வேண்டும் என்றே வேலிப்பக்கம் நின்று சொன்னாள்: "பிள்ளை தங்காத மடியில நம்ம பிள்ளையக் கொண்டுபோய்ப் போடலாமா? அவ வாயில என்ன இருக்கோ?"

அவள் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் பெயர் வைத்த வாய்தான் அது.

நாலாவது முறையாக வயிறு நிறைந்திருந்தபோது சிலம்பாயி அழுவதற்குக்கூட ஆள் பார்க்காத இடமாகத் தேடிக் கொல்லையில் குப்பைமேட்டுக்குப் போனாள். சாம்பலைக் கொட்டுகிற சாக்கில் அங்கே நின்று அழுதாள்.

"அழுறதுன்னா கொஞ்சம் தள்ளி நின்னு அழு" என்றது கோழி. "சத்தத்துக்குப் புழுவெல்லாம் உள்ள போயிடுது."

"உனக்கென்ன? பருந்து ஒண்ணத் தூக்கிட்டுப் போனா அடுத்த ஈட்டுக் குஞ்சு இருக்கு உனக்கு."

கோழி மேய்வதை நிறுத்தியது. "இருக்கு. அதுக்காக, போனது போகலேன்னு ஆயிடுமா?"

சிலம்பாயி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"வயித்துல இருக்கிறதுக்குப் பேரு வச்சிட்டியா?" என்று கேட்டது கோழி.

"வைக்கல. அதுவா வந்திடுச்சு. இதுவரைக்கும் இப்படி ஒரு பேரு என் வாய்க்கு வந்ததே இல்ல கோழி. கேளேன்..."

"வாய மூடு!" கோழி சிறகை விரித்துக்கொண்டு பாய்ந்தது. "மேல பாரு."

கூரை முகட்டில் கருமணி தலையைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

காக்கை இரை தேட அப்பால் போகும்வரை இரண்டு பேரும் பேசவில்லை. பிறகு கோழி, அந்தி நேரத்தில் அது எங்கே போகிறது, யாரிடம் என்ன சொல்கிறது என்பதையெல்லாம் சொன்னது. சிலம்பாயி குப்பைமேட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"என் கையால சோறு தின்னுட்டா? அந்தக் கழுத்தை இன்னைக்கே..."

"அவன் உன்னைக் காட்டிக் கொடுக்கல. உன் பெருமையப் பாடுறான், மடப்பயல். அவனை விரட்டினா இன்னொருத்தன் வந்து உக்காருவான். சொல்ற வாய்க்கா பஞ்சம்?"

"அப்போ என் பிள்ளைங்களை நான்தானே..."

"ஆசைப்பட்டது தப்பில்ல சிலம்பாயி. ஊரைக் கூட்டி ஆசைப்பட்டே, அதுதான்" என்றது கோழி. "இதைக் கேளு. எமன் குனிஞ்சு பாக்காத இடம் ஒண்ணே ஒண்ணுதான். வேணாம்னு தூக்கி எறிஞ்ச இடம். இந்தப் பிள்ளை பிறந்ததும் இங்க கொண்டு வந்து போடு. நான் கிளறி எடுக்கிறேன். எங்கிட்ட இருந்து விலைக்கு வாங்கிக்க. குப்பையில கிடந்ததுக்கு எந்தப் பேரு பொருந்துமோ அதுதான் பேரு. அது ஒரு தொட்டில் கட்டித் தன் பிள்ளையப் போடுற வரைக்கும் அதுவும் பிஞ்சுதான். அதுவரைக்கும் உன் வாயில வேற பேரு வரக் கூடாது."

"என் பிள்ளையக் குப்பைன்னு கூப்பிடவா?"

"கூப்பிட ஒரு பிள்ளை வேணுமா, வேணாமா?"

பெண் பிறந்தது. பிரசவம் பார்க்க வந்த பொன்னாக்காள், என்னதான் வாய்நீளம் என்றாலும் அந்த நேரத்துக்கு வந்து நின்றவள், குழந்தையைத் துடைத்துக்கொண்டே பழைய வழக்கத்தில் கேட்டாள்: "பேரு வந்திச்சா சிலம்பாயி?"

கூரையில் காக்கை கழுத்தை நீட்டியது.

"இந்தச் சனியனுக்குப் பேரு ஒண்ணுதான் குறைச்சல்" என்றாள் சிலம்பாயி. "மொறத்தை எடு."

பொன்னாக்காள், பெற்ற பிள்ளைகளை வரிசையாகப் பறிகொடுத்தவளுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்தாள். சிலம்பாயி எழுந்தாள். பச்சை உடம்போடு, குழந்தையை முறத்தில் போட்டுக் கொல்லைக்கு எடுத்துக்கொண்டு போய், உமியும் சாம்பலும் சாணமும் கிடந்த மேட்டில் வீட்டுக் குப்பையைக் கொட்டுவது போலவே கொட்டினாள். காலால் புரட்டினாள். கையால் புரட்டியிருந்தால் தடவியிருப்பாள். பிறகு திரும்பி நடந்தாள். திரும்பிப் பார்க்கக் கூடாது என்று கோழி சொல்லியிருந்தது. பின்னால் குழந்தை வீறிட்டது. அந்தச் சத்தத்துக்குப் பால் சுரந்து ரவிக்கை நனைந்தது. அவள் நடந்தாள்.

காக்கை பொழுது சாயக்கூடக் காத்திருக்கவில்லை. அன்றைக்கே, அப்போதே, தெற்கே பறந்தது. எமனுக்கு நம்பிக்கை வரவில்லை. சிலம்பாயியாவது பிள்ளையை எறிவதாவது என்று தானே நேரில் வந்து குப்பைமேட்டருகே நின்றான்.

"இது என்ன?" என்று கோழியைக் கேட்டான்.

"பாத்தா தெரியல? குப்பை."

"அழுதே."

"பூனைக்குட்டியைத் தூக்கிப் போட்டாலும்தான் அழும்."

"பேரு?"

"குப்பைக்கு எவன் பேரு வைப்பான்? உனக்குத்தான் பேரு தெரிஞ்சா போதுமே, நீயே வச்சுக்கிட்டுக் கூப்பிடு."

எமன் நின்றான். யாராவது ஒருத்தர் ஓடி வந்து அந்தக் குழந்தையை ஒரு வார்த்தை கொஞ்சுவார்களா என்று பார்த்துக்கொண்டு நின்றான். கதவுக்குப் பின்னால் சிலம்பாயி முந்தானையைச் சுருட்டி வாயில் அடைத்துக்கொண்டிருந்தாள். ஒருவரும் வரவில்லை. அவன் கால் தூசியைத் தட்டிக்கொண்டு போய்விட்டான்.

காக்கை மட்டும் கூரையில் இருந்தது. அதன் காதில் விழும்படி கோழி வாசலுக்கு வந்து கொக்கரித்தது. "குப்பையில ஒரு பொட்டப்பிள்ளை கிடந்திச்சு. யாருக்காச்சும் வேணுமா?"

சிலம்பாயி நிலைப்படியில் சாய்ந்து நின்று, "என்ன விலை?" என்றாள்.

"ஒரு மொறம் தவிடு."

"அவ்வளவு பெறாது. அரை மொறம்னா கொடு. இல்லாட்டி எடுத்த இடத்திலேயே போட்டுடு."

தன் வயிற்றில் பிறந்ததை அரை முறம் தவிட்டுக்குப் பேரம் பேசினாள். குரல் நடுங்காமல் பேசினாள். தவிட்டை அளந்து போட்டுவிட்டுக் குழந்தையை வாங்கினாள். குப்பாயி என்று பெயர் வைத்தாள்.

அன்று காக்கை தெற்கே போயிருந்த அந்தியில், ஒரு கொட்டாங்குச்சியை எடுத்துக்கொண்டு மறுபடியும் கொல்லைக்கு வந்தாள். வயிற்றில் இருக்கிற பிள்ளையும் வாயில் இருக்கிற பெயரும் வெளியே வந்தே தீரும். இதை எங்கேயாவது இறக்கிவைக்காவிட்டால் தூக்கத்திலாவது உளறிவிடுவாள்.

"நீ அந்தப் பக்கம் திரும்பிக்க கோழி" என்றாள்.

"திரும்பிட்டேன். என் வாய நானே நம்ப மாட்டேன்."

அவள் கொட்டாங்குச்சியை உதட்டோடு அணைத்து, மகளுடைய ஆசைப் பெயரை அதற்குள் ஒரே ஒரு முறை சொன்னாள். சொல்லி, களிமண்ணால் வாயைப் பூசி, குப்பைமேட்டின் அடியில் ஆழமாகப் புதைத்தாள். "இதுக்கு நீதான் காவல்" என்றாள். கோழி, "என் உசுரு உள்ள மட்டும்" என்றது. அந்தக் காலத்துக் கோழிகளுக்கு ஆயுசு கெட்டி. விருந்தாளி வந்தால் கோழியைப் பார்க்கிற வழக்கம் அப்போது வரவில்லை.

புருஷனுக்குக்கூட அவள் இதைச் சொல்லவில்லை. ஆண்பிள்ளை வயிற்றில் சோறு தங்கும், சொல் தங்காது.

குப்பாயி வளர்ந்தாள். மற்ற பிள்ளைகள் மழையில் நனைந்தால் காய்ச்சலில் கிடந்தன. இவள் மழையைக் குடித்தாள், மண்ணைத் தின்றாள், கருவேலமுள்ளை மிதித்துவிட்டு ஓடினாள். ஒன்றும் ஆகவில்லை. எமனுக்கு அவள் மேல் கண்ணே இல்லை. சிலம்பாயி தாலாட்டுப் பாடாமல் தொட்டில் ஆட்டினாள். கண்ணே என்று அழைக்காமல் சோறு ஊட்டினாள். "எழுந்திரு குப்பை", "தின்னுத் தொலை குப்பை" என்று காக்கை கேட்கக் கேட்க ஏசினாள். அந்தி நேரத்தில், கூரை வெறுமையாக இருக்கும் அந்தச் சிறு பொழுதில் மட்டும், மகளைக் கால்களுக்கிடையில் உட்கார வைத்துத் தலை வாரிவிட்டாள். விளக்கு வைக்கிற வேளையில் தலை வாருகிறாளே, மூதேவி அடைவாளே என்று பொன்னாக்காள் வேலிக்கு அந்தப்பக்கம் இருந்து கத்துவாள். சிலம்பாயி காதில் வாங்க மாட்டாள். சிக்கே இல்லாத முடியில் சீப்பு மெல்ல மெல்லப் போகும். அப்போதுகூடப் பெயரைச் சொல்லிவிட முடியாது. சொன்னால் குழந்தை மறுநாளே அதைத் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரியும்.

பால்பல் விழுந்த வயதில் குப்பாயி ஒருநாள் அழுதுகொண்டு வந்தாள்.

"பொன்னாக்கா வீட்டுப் பசுவுக்குப் பனிமலர்னு நீதான் பேரு வச்சியாமே. கிணத்துக்குக்கூட நல்ல பேரு வச்சியாமே. எனக்கு மட்டும் ஏன் ஆத்தா குப்பை? எல்லாரும் தெருவைக் கூட்டும்போது என்னையும் கூட்டுறாங்க."

கூரையில் காக்கை இருந்தது.

"உன்னைத் தவிட்டுக்கு வாங்கினேன்" என்றாள் சிலம்பாயி. "தவிட்டு விலைக்கு அந்தப் பேரு போதும்."

குழந்தை கோழியிடம் ஓடியது. "நிஜமா? என்னை யாரு பெத்தா?"

கோழி காக்கையைப் பார்த்தது, குழந்தையைப் பார்த்தது. "நான் பொறுக்கினேன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்" என்றது.

அன்றிலிருந்து குப்பாயி அவளை ஆத்தா என்று கூப்பிடுவதை விட்டுவிட்டாள். வேண்டுமென்றால், "ஏங்க" என்பாள், கடைக்காரியைக் கூப்பிடுவது மாதிரி. அந்திக்குத் தலை வாரவும் வரவில்லை. சிலம்பாயி சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நாள் உட்கார்ந்து பார்த்தாள். பிறகு அதைக் கூரையில் செருகிவிட்டாள்.

அந்தக் கோடையில்தான் இன்னொன்றும் நடந்தது. நல்லான் தன் ஆயுசிலேயே ஒரே ஒரு வேலையைச் சொல்லாமல் செய்தான். முதல் மழை விழுந்ததும் வண்டியைக் கட்டி, குப்பைமேட்டை அடியோடு வெட்டி அள்ளி, வயலுக்கு எருவாக அடித்துவிட்டான். கோழி அப்போது கூடைக்குள் அடையில் இருந்தது. முட்டைகளுக்குள் குஞ்சுகள் கொத்தத் தொடங்கியிருந்தன. மண்வெட்டிச் சத்தம் கேட்டது. எழுந்து ஓடினால் முட்டை குளிர்ந்துவிடும். எழவில்லை. சக்கரச் சத்தம் தூரத்தில் தேய்கிறவரை எழவில்லை.

"உன் பேரு போச்சு சிலம்பாயி" என்று வந்து தலை குனிந்து நின்றது. "வயல்ல எங்க இறைஞ்சு கிடக்கோ. நான் காவல் நிக்கல."

சிலம்பாயி, "பிள்ளையா பேரான்னு வந்தா நானும் அதைத்தான் செஞ்சேன்" என்றாள். பிறகு நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். "இங்க ஒண்ணு இருக்கு. நான் இருக்கிற வரைக்கும் அது போகாது."

ஆற்றுக்கு அக்கரையில் குப்பாயியைக் கட்டிக் கொடுத்தார்கள். வண்டி ஏறும்போது அவள் நின்று, "சீர் எதுவும் வேணாங்க. ஒரு பேரு மட்டும் கொடுங்க. போற இடத்தில சொல்லிக்க" என்றாள். முருங்கைக் கிளையில் காக்கை இருந்தது. சிலம்பாயி பானையையும் பாயையும் வண்டியில் ஏற்றி, "அந்த ஊர்ல என்ன குப்பையே இல்லையா? ஏறு" என்றாள். வண்டி திரும்பியதும் உள்ளே போய்த் தன் கல்யாணச் சேலையை எடுத்து மடித்து வைத்தாள். தொட்டிலுக்கு அதுதான் மெத்தென்று இருக்கும். மகள் தொட்டில் கட்டுகிற அன்று, அந்தப் பெயரைத் தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கூவ வேண்டும் என்று இருந்தாள்.

அந்தத் தொட்டில் நெடுங்காலம் கட்டப்படவில்லை. நல்லான் போய்ச் சேர்ந்தான். சிலம்பாயிக்குப் பல் போனது, கண் மங்கியது. கடைசியில் குப்பாயி மாசமாக இருக்கிறாள் என்று சேதி வந்தபோது அவள் படுக்கையில் இருந்தாள். சேதியைக் கேட்டதும் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டுக் குடித்தாள். இன்னும் கொஞ்ச நாள்தான், இன்னும் கொஞ்ச நாள்தான் என்று காலை எண்ணெய் போட்டு நீவிக்கொண்டாள். ஆனால் பழுத்த இலை தன் நாளைத் தான் பார்த்துக்கொள்ளாது.

ஒரு நடுப்பகலில் குப்பாயி நிறைமாத வயிற்றோடு வந்து சேர்ந்தாள். தாயின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். அவளுக்குப் பின்னாலேயே எமனும் உள்ளே வந்து, எதிர்ப்பக்கம் உட்கார்ந்தான். அவனைப் பார்த்தவர்கள் இரண்டே பேர்: படுத்திருந்த சிலம்பாயி, வாசற்படியில் நின்ற கோழி.

"இவ தொட்டில் கட்டுற வரைக்கும் பொறு" என்று சிலம்பாயி மனசுக்குள் அவனைக் கேட்டாள்.

"பொறுக்கிறேன்" என்றான் எமன். "ஒரே ஒரு பேரை மட்டும் சொல்லு. ஊருக்கெல்லாம் பேரு வச்சவ நீ. இவளுக்கு ஒண்ணு வைக்காமலா விட்டிருப்பே? இத்தனை வருஷமா எனக்கு அந்தச் சந்தேகம் இருக்கு."

"அப்படி ஒண்ணு இல்ல."

அவள் உதடு அசைவதைக் கண்டு குப்பாயி குனிந்தாள். "என்ன ஆத்தா? தண்ணி வேணுமா?"

ஆத்தா என்றாள். எத்தனை காலத்துக்குப் பிறகு! சிலம்பாயியின் கண் ஓரத்தில் நீர் இறங்கியது. அதைக் கண்டதும் மகளுக்கு என்ன தோன்றியதோ, தாயின் கையைப் பிடித்துக்கொண்டு குழந்தையைப் போலக் கெஞ்சினாள்.

"ஆத்தா, ஒரு தடவை. ஒரே ஒரு தடவை என்னை நல்ல பேரா சொல்லிக் கூப்பிடு. வயித்துல இருக்கிறதுக்கு அதைச் சொல்லிக்கிறேன். வேற ஒண்ணும் கேக்க மாட்டேன்."

பெயர் நாக்கின் நுனியில் வந்து நின்றது. குப்பைமேட்டில் கொட்டிய அன்று நின்ற மாதிரியே, ஒரு எழுத்துத் தேயாமல் நின்றது. எதிரே எமன் முழங்காலில் கையூன்றி, காதை அருகில் கொண்டுவந்தான். அவன் முகத்தில் அத்தனை ஆவல்.

சிலம்பாயி மகளை ஒரு முறை பார்த்தாள். பிறகு முகத்தைச் சுளித்தாள்.

"போடி குப்பாயி" என்றாள். "அரை மொறம் தவிட்டுக்குப் பொறுக்கினதுக்குப் பேரு ஒரு கேடா? குப்பை குப்பைதான்."

எமனின் முகம் வாடியது. "ச்சே! இதுக்கா இவ்வளவு நேரம்" என்று எழுந்தான். "கிளம்பு சிலம்பாயி."

அவள் வாயை இறுக மூடிக்கொண்டு கிளம்பினாள்.

வாய்க்கரிசி போட வந்தவர்களால் அந்த வாயைத் திறக்க முடியவில்லை. பல்லே இல்லாத வாய், ஆனாலும் பூட்டியது பூட்டியபடி இருந்தது. அரிசி உதட்டில் பட்டுப் பாயில் சிதறியது. குப்பாயி அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு அழுகை வரவில்லை. "சாகும்போதும் மனசு இளகலையே" என்று மட்டும் சொன்னாள்.

அந்தியில் அவள் குப்பைமேட்டில் தனியாக உட்கார்ந்திருந்தபோது கோழி வந்தது. கூரையைப் பார்த்தது. காக்கை தெற்கே போயிருந்தது.

"உனக்கு ஒரு பேரு இருந்திச்சு" என்றது கோழி.

முழுதும் சொன்னது. பொன்னரும்பையும் முத்துநகையையும் நூறாண்டானையும் சொன்னது. கதவுக்குப் பின்னால் முந்தானையைக் கடித்துக்கொண்டு நின்றதைச் சொன்னது. கொட்டாங்குச்சியைச் சொன்னது. பகலில் படுக்கைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தது யார் என்பதையும் சொன்னது.

குப்பாயி தன் தலைமுடியைத் தொட்டுப் பார்த்தாள். மூதேவி அடையும் என்று ஊரே சொன்ன வேளையில், சிக்கே இல்லாத முடியில், மெல்ல மெல்லப் போன சீப்பு. அதுவும் இதே பொழுதுதான்.

"என்ன பேரு?" என்றாள். "கோழி, என்ன பேரு அது?"

"தெரியாது தாயி. நான் திரும்பி நின்னேன்."

அப்போதுதான் குப்பாயிக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே குப்பையைக் கையால் பறித்தாள். சாம்பல், உமி, ஓட்டாஞ்சில்லு. வயலுக்கு ஓடி மண்ணைக் கிளறினாள். கோழியும் அவள் பக்கத்திலேயே நின்று காலால் கிளறியது. கொட்டாங்குச்சித் துண்டு கிடைத்தால் காதில் வைத்துப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. அந்த அலைச்சலில் வலி கண்டுவிட்டது.

ஆண் குழந்தை. பொன்னாக்காளின் மருமகள் துடைத்துக் கொடுத்து, பேர் என்ன என்று கேட்டாள். கூரையில் வழக்கம்போல் காக்கை உட்கார்ந்திருந்தது.

குப்பாயி முறத்தை எடுக்கச் சொன்னாள். குழந்தையைக் குப்பைமேட்டில் போட்டு, காலால் புரட்டிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்து வந்து நிலைப்படியில் நின்றாள். இடுப்பில் அரை முறம் தவிடு.

"கோழி, அங்க ஏதோ கிடக்கு. பொறுக்கிட்டு வா" என்றாள். வாங்கினாள். தாயின் கல்யாணச் சேலையில் தொட்டில் கட்டிப் போட்டு, தெருவே கேட்கும்படி, "குப்பா!" என்று கூப்பிட்டாள். இன்னொரு பெயரும் அவள் நாக்குக்கு வந்தது. அதை விழுங்கினாள். தாய் எதை விழுங்கிக்கொண்டு போனாள் என்பது அப்போது முழுதாகத் தெரிந்தது.

கோழி அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. காவல் தவறிவிட்டோம், அந்தப் பெயரைக் கண்டுபிடித்துக் கொடுக்கும் வரை பேசுவதில்லை என்று இருந்துவிட்டது. வாய்க்குள் ஏதோ முணுமுணுப்பதோடு சரி.

அன்று முதல்தான், பிள்ளை தங்காத வீட்டில் பிறந்த குழந்தையைக் குப்பையில் புரட்டித் தவிட்டுக்கு வாங்கி, குப்பாயி என்றும் குப்பன் என்றும் கூப்பிடுகிறார்கள். கோழியும், தட்டு நிறைய தானியம் வைத்தாலும் விட்டுவிட்டுப் போய், குப்பையை இரண்டு காலாலும் சீய்த்து, ஓரடி பின்வாங்கி, தலையைச் சாய்த்து உற்றுப் பார்த்து, அது இல்லை என்று மறுபடியும் சீய்க்கிறது.